அமெரிக்கப் படைவிலகல் சான்றிதழ்: விடுபட்ட பதக்கங்களையும் பயிற்சிகளையும் மீட்பது எப்படி?

அமெரிக்கப் படைகளில் முழுநேரப் பணியாற்றி விலகுபவர்களுக்கு விடைபெறும் வேளையில் ஓர் ஆவணம் வழங்கப்படுகிறது. டிடி-214 என்ற படிவ எண்ணாலேயே அது எங்கும் அறியப்படுகிறது. ஒருவர் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், என்ன பணி செய்தார், எந்தப் பதக்கங்களைப் பெற்றார், எந்தப் பயிற்சிகளை முடித்தார், எந்தத் தகுதியில் விடுவிக்கப்பட்டார் என்பன அனைத்தும் அதில் சுருக்கமாக இடம்பெறுகின்றன.

1950ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருக்கும் இந்தப் படிவம், முன்னாள் படையினர் ஒருவரின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவருடன் வருகிறது. மருத்துவ உதவி, அரசு வேலை, கல்விக் கட்டணம், வீட்டுக் கடன் என எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்கப்படுவது இதுவே. அவர் இறந்த பின்னர் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்வதற்கும் குடும்பத்தினர் இதனையே காட்ட வேண்டியுள்ளது.

ஆனால், தாம் பெற்ற பதக்கமோ முடித்த பயிற்சியோ இந்தத் தாளில் இல்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துக் கண்டறிபவர்கள் ஏராளம். தந்தை மறைந்த பின்னர் அவரது பெட்டியில் பதக்கத்தைக் கண்டெடுத்து, சான்றிதழில் அதன் பெயரைத் தேடிக் காணாத பிள்ளைகளும் உண்டு. இத்தகைய பிழைகளைத் திருத்துவதற்கு வழி இருக்கிறது. எனினும், எந்தப் பிழைக்கு எந்த வழி என்பதைப் பிரித்தறியாமல் விண்ணப்பிப்பவர்கள் மாதக் கணக்கில் காத்திருந்து வெறுங்கையுடன் திரும்ப நேரிடுகிறது.

ஒரு வரியின் விலை

சான்றிதழின் 13ஆம் கட்டத்தில் பதக்கங்களும் சின்னங்களும், 14ஆம் கட்டத்தில் இராணுவக் கல்வியும் பயிற்சியும் பதியப்படுகின்றன. அங்கு ஒரு வரி விடுபடுவது மனக்குறையுடன் நின்றுவிடும் விடயம் அல்ல. அமெரிக்கச் சட்டங்கள் பல, குறிப்பிட்ட பதக்கங்களுடன் குறிப்பிட்ட உரிமைகளைப் பிணைத்து வைத்துள்ளன.

எதிரியின் தாக்குதலில் காயமடைந்தவர்களுக்கு வழங்கப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் இதற்குச் சிறந்த உதாரணம். இப்பதக்கத்தைப் பெற்றவர்கள், முன்னாள் படையினர் விவகாரத் துறையின் மருத்துவ சேவையில் மூன்றாவது முன்னுரிமைப் பிரிவில் சேர்க்கப்படுகிறார்கள். மத்திய அரசு வேலைகளில் அவர்களுக்கு 10 மதிப்பெண் முன்னுரிமை உண்டு. ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் நிலத்தில் அடக்கம் செய்யப்படும் தகுதியும் அவர்களுக்குக் கிடைக்கிறது.

2001 செப்டம்பர் 11ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ இப்பதக்கத்தைப் பெற்று, நன்மதிப்புடன் விடுவிக்கப்பட்டவர்கள், குறுகிய காலமே பணியாற்றியிருந்தாலும் முழுமையான கல்வி உதவியைப் பெறுவதற்கு 2017இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் வழி செய்தது. இது 2018 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது.

குறிப்பிட்ட போர் நடவடிக்கைகளில் பங்கேற்றதற்கான பதக்கங்களும் அப்படித்தான். பிரகடனம் செய்யப்பட்ட பெரும் போர்க்காலங்களுக்கு வெளியே, சோமாலியா, பொஸ்னியா, கொசோவோ போன்ற இடங்களில் பணியாற்றியவர்கள், அரசு வேலையில் 5 மதிப்பெண் முன்னுரிமை கோருவதற்கு அந்தப் பதக்கங்களே ஆதாரம்.

இவற்றைவிட நுட்பமானது உடல்நலக் கோரிக்கைகள் பற்றிய விதி. போரில் நேரடியாக ஈடுபட்டவர் என்பது நிறுவப்பட்டால், களத்தில் ஏற்பட்ட காயம் குறித்து எழுத்துச் சான்று இல்லாத நிலையிலும், போர்ச் சூழலுக்குப் பொருந்துமாயின் அவரது வாக்குமூலத்தை ஏற்கச் சட்டம் இடமளிக்கிறது. நேரடிப் போரில் ஈடுபட்டதற்கு வலுவான சான்றுகளாகக் கருதப்படுபவை பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும், காலாட்படையினருக்கான போர்க்களச் சின்னமும் ஆகும். எனவே, ஒரு சின்னம் பதிவில் விடுபட்டால், மன உளைச்சல் நோய்க்கோ செவித்திறன் இழப்புக்கோ உதவித்தொகை கேட்பவரின் வழக்கே பலவீனமடையக் கூடும்.

பிழைகள் எவ்வாறு நேர்கின்றன?

டிடி-214 சான்றிதழ் தன்னளவில் மூல ஆவணம் அன்று. பணியாளர் கோப்பில் உள்ள ஆணைகள், மதிப்பீட்டு அறிக்கைகள், பயிற்சிச் சான்றுகள் ஆகியவற்றைப் பார்த்து, படைவிலகும் இடத்தில் உள்ள ஓர் எழுத்தர் தயாரிக்கும் சுருக்கமே அது. கோப்பில் ஒரு தாள் வந்து சேரவில்லை என்றால், சுருக்கத்திலும் அது இராது.

பதக்கத்துக்கான பரிந்துரை மேலிடங்களில் பரிசீலிக்கப்பட்டுக் கொண்டிருக்கும்போதே ஒருவர் படையிலிருந்து விலகிவிடுவது பொதுவாக நிகழ்வது. பதக்கம் பின்னர் அங்கீகரிக்கப்பட்டாலும், ஏற்கனவே கையொப்பமிடப்பட்ட சான்றிதழில் அது தானாகவே ஏறிவிடாது.

வேறு சில பதக்கங்கள் பணிக்காலம் முடிந்து நெடுநாள் கழித்தே உருவாக்கப்பட்டவை. இரண்டாம் உலகப் போரில் காலாட்படையினருக்கான போர்க்களச் சின்னத்தையோ போர்க்கள மருத்துவச் சின்னத்தையோ பெற்றவர்கள் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் உரியவர்கள் என 1947இல் முடிவெடுக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் அதற்குள் வீடு திரும்பியிருந்தனர்.

வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகளுக்குத் தென் வியட்நாம் அரசின் வீரச் சிலுவைப் பாராட்டு ஒட்டுமொத்தமாக வழங்கப்பட்டதை 1974ஆம் ஆண்டின் 8ஆம் எண் பொது ஆணை உறுதி செய்தது. அதற்கு முன்பே விலகியவர்களின் சான்றிதழ்களில் அது இல்லாதது வியப்பன்று. போர்க் கைதிகளுக்கான பதக்கம் 1985இல்தான் உருவாக்கப்பட்டது. கொரியப் பாதுகாப்புப் பணிப் பதக்கத்தை 2002இல் நாடாளுமன்றம் உருவாக்கியபோது, 1954 ஜூலை 28ஆம் தேதிக்குப் பின் அங்கு பணியாற்றியவர்களும் அதற்குத் தகுதி பெற்றனர்.

இவை எவற்றிலும் எழுத்தரின் தவறு எதுவும் இல்லை. ஆயினும், உரியவர் கேட்டாலன்றி இந்தப் பதக்கங்கள் அவரது பதிவில் இடம்பெறுவதில்லை.

போர்க்களப் பதிவுகளே பாதுகாக்கப்படாத நிலையும் உண்டு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய பல தரைப்படைப் பிரிவுகளின் களப் பதிவுகள் தொலைந்துவிட்டன அல்லது அழிக்கப்பட்டுவிட்டன என்பதை புரோபப்ளிகா, சியாட்டில் டைம்ஸ் ஆகிய செய்தி நிறுவனங்கள் 2012இல் வெளிக்கொணர்ந்தன. கணினி யுகத்தில் நடந்த போர்களுக்கே இந்த நிலை.

பிழை இரு திசையிலும் நேரலாம்

சான்றிதழில் எழுதப்பட்டிருப்பதாலேயே ஒரு பதக்கம் உறுதியாகி விடுவதும் இல்லை. 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' நூலின் மூலம் புகழ்பெற்ற கடற்படைச் சிறப்புப் படைவீரர் கிறிஸ் கைலின் பதிவு 2016இல் சர்ச்சைக்குள்ளானது. அவரது டிடி-214 சான்றிதழில் இரண்டு வெள்ளி நட்சத்திரப் பதக்கங்கள் குறிக்கப்பட்டிருந்தன. கோப்புகளை ஆராய்ந்த கடற்படை, அவர் பெற்றது ஒரு வெள்ளி நட்சத்திரமும், வீரத்துக்கான நான்கு வெண்கல நட்சத்திரங்களுமே என்று திருத்தம் வெளியிட்டது.

டிடி-214 சான்றிதழ் விலகும் இடத்தில் தயாரிக்கப்படுவது, அதில் மனிதத் தவறுகள் நேரக் கூடும், அதிகாரபூர்வமான ஆதாரம் பணியாளர் கோப்பும் விருதுகளின் மையப் பதிவேடுமே என்பது அப்போது கடற்படை அளித்த விளக்கம். திருத்தம் கோரும் எவரும் மனதில் கொள்ள வேண்டிய அடிப்படை விதியும் இதுதான். அதிகாரிகள் சான்றிதழைத் திருத்தும்போது உண்மையில் பார்ப்பது அதன் பின்னாலுள்ள கோப்பைத்தான்.

பெறாத பதக்கங்களைப் பெற்றதாகக் கூறிக்கொள்பவர்கள் மீதான சந்தேகமும் இந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம். அவ்வாறு பொய்யுரைப்பதையே குற்றமாக்கிய 2005ஆம் ஆண்டின் சட்டத்தை, கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானது எனக் கூறி உச்ச நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தது. பணத்துக்காகவோ வேறு ஆதாயத்துக்காகவோ பொய்யுரைப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2013இல் கொண்டு வரப்பட்டது.

எரிந்து போன கோப்புகள்

படைவிலகியவர்களின் பழைய கோப்புகள் மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் வைக்கப்பட்டுள்ளன. 1973 ஜூலை 12ஆம் தேதி அந்த மையத்தின் அப்போதைய கட்டடத்தில் மூண்ட தீ, அமெரிக்க ஆவண வரலாற்றின் பெரும் இழப்புகளில் ஒன்று. ஒரு கோடியே 60 லட்சம் முதல் ஒரு கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன.

1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதமும், 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி வரை விலகிய விமானப்படையினரில் அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின் வருபவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதமும் எரிந்து போயின. அவற்றுக்கு நகல்களோ நுண்படச் சுருள்களோ அட்டவணையோ இருக்கவில்லை. கடற்படை மற்றும் மரீன் படையினரின் கோப்புகள் இதில் பாதிக்கப்படவில்லை.

அந்தக் காலத்தவர்களின் குடும்பங்கள் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. இறுதிச் சம்பளப் பட்டியல்கள், படைப்பிரிவுகளின் அன்றாட வருகை அறிக்கைகள், பெயர்ப் பட்டியல்கள், முன்னாள் படையினர் விவகாரத் துறையின் கோரிக்கைக் கோப்புகள் ஆகியவற்றிலிருந்து ஆவண மையம் ஒருவரது பணிக்காலத்தை ஓரளவு மீட்டுருவாக்குகிறது. இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் காலங்களில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட தரைப்படையினர் பற்றிய குறிப்புகள் 1988இல் கண்டறியப்பட்டு மையத்திடம் சேர்ந்தன. காயத்தை நிரூபிக்க வேண்டியவர்களுக்கு அவை பெரிதும் பயன்பட்டுள்ளன.

முதல் படி: கோப்பைப் பெறுதல்

திருத்தம் கோருவதற்கு முன்பு, தமது முழுப் பணியாளர் கோப்பின் நகலைப் பெறுவதே முன்னாள் படையினர் செய்ய வேண்டிய முதல் வேலை. எஸ்எஃப்-180 என்ற படிவத்தை நிரப்பி அஞ்சலிலோ, ஆவணக் காப்பகத்தின் இணையத்தளம் வழியாகவோ கேட்கலாம். சான்றிதழை மட்டும் கேட்காமல் முழுக் கோப்பையும் கேட்பது அவசியம்.

முன்னாள் படையினருக்கும், மறைந்தவர்களின் நெருங்கிய உறவினருக்கும் இது பொதுவாக இலவசம். மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரே நெருங்கிய உறவினராகக் கருதப்படுகின்றனர். விலகி 62 ஆண்டுகள் கடந்த கோப்புகள் பொது ஆவணங்களாகி விடுவதால் அவற்றை எவரும் கேட்கலாம். அவற்றுக்குக் கட்டணம் உண்டு.

கொரோனா பெருந்தொற்றின்போது மையம் மூடப்பட்டதால் தேங்கிய விண்ணப்பங்கள் 2022இல் ஆறு லட்சத்தைத் தொட்டன. 2024இன் தொடக்கத்தில் அந்தத் தேக்கம் சீர்செய்யப்பட்டது.

கோப்பு கைக்கு வந்ததும் அதனைச் சான்றிதழுடன் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வியட்நாம் காலத் தரைப்படையினரின் கோப்பில் டிஏ-20 என்ற அட்டைப் படிவம் இருக்கும். அதில் 38ஆம் பகுதி பணியிடங்களையும், 40ஆம் பகுதி காயங்களையும், 41ஆம் பகுதி பதக்கங்களையும் காட்டும். அங்கு பதிவாகியிருந்து சான்றிதழில் விடுபட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

இரண்டு வேறு கேள்விகள்

இந்தக் கட்டத்தில்தான் விண்ணப்பதாரர் தமது கோரிக்கை எத்தகையது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். பதக்கம் முறையாக வழங்கப்பட்டு, சான்றிதழில் மட்டும் எழுதப்படாமல் போனதா? அல்லது, உரிய பதக்கம் வழங்கப்படவே இல்லையா? முதலாவது எழுத்துப் பிழை. இரண்டாவது, எடுக்கப்படாத ஒரு முடிவு. இரண்டுக்கும் செல்லும் வழிகள் வேறு.

முதல் வகைக்கு வாரியமோ வழக்கோ தேவையில்லை. பதக்க ஆணையின் நகலையும், சான்றிதழின் நகலையும் இணைத்து, விடுபட்டதைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு விண்ணப்பித்தால், அந்தந்தப் படையின் பணியாளர் நிர்வாகமே டிடி-215 என்ற திருத்தப் படிவத்தை வழங்கும். தரைப்படைக்கு கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நாக்ஸிலும், கடற்படைக்கு டென்னசி மாநிலத்தின் மில்லிங்டனிலும், மரீன் படைக்கு வர்ஜீனியாவின் குவாண்டிகோவிலும், விமானப்படைக்கு டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவிலும் இந்த நிர்வாகங்கள் இயங்குகின்றன. பழைய கோப்புகளைப் பொறுத்தவரை, ஆவண மையத்தின் வழியாகவும் விண்ணப்பம் உரிய இடத்துக்குச் செல்கிறது.

கொரியப் பாதுகாப்புப் பணிப் பதக்கம், வியட்நாம் வீரச் சிலுவைப் பாராட்டு போன்று, பணியிடத்தையும் காலத்தையும் வைத்தே தகுதி முடிவாகும் பதக்கங்களும் பெரும்பாலும் இந்த எளிய வழியிலேயே சேர்க்கப்படுகின்றன. அந்த இடத்தில், அந்தக் காலத்தில் இருந்ததற்கான பதிவு இருந்தால் போதுமானது.

டிடி-215 படிவம் பழைய சான்றிதழை அழித்து எழுதுவதில்லை. அதனுடன் இணைத்து வைக்கப்படும் துணை ஆவணம் அது. எனவே, இனி எங்கு விண்ணப்பித்தாலும் இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். சான்றிதழில் தாமே எதையும் எழுதிச் சேர்க்கவே கூடாது. நிழலிட்ட பகுதிகளில் மாற்றம் செய்தால் படிவம் செல்லாததாகிவிடும் என்ற எச்சரிக்கை அதிலேயே அச்சிடப்பட்டுள்ளது.

பயிற்சிகளின் கதை

பயிற்சிகள் விடுபடுவதில் தனிச் சிக்கல் ஒன்று உள்ளது. விடுபட்டவை எல்லாம் பிழைகள் அல்ல. தரைப்படை விதிகளின்படி 14ஆம் கட்டத்தில் இடம்பெற வேண்டியவை, அந்தச் சான்றிதழ் உள்ளடக்கும் பணிக்காலத்தில் முழுநேரமாகப் பயின்று முடித்த முறைசார் பயிற்சிகளே. படை விலகியவர் வெளியே வேலை தேடுவதற்கு உதவுவதே இக்கட்டத்தின் நோக்கம் என்பதால், போர்த்திறன் பயிற்சிகளை அதில் சேர்க்க வேண்டாம் என்று விதி கூறுகிறது.

மேலும், 13ஆம் கட்டம் அனைத்துப் பணிக்காலங்களின் பதக்கங்களையும் கொண்டிருக்க வேண்டும். 14ஆம் கட்டமோ அந்த ஒரு பணிக்காலத்துக்கு மட்டும் உரியது. இரண்டு முறை படையில் சேர்ந்து விலகியவர், முதல் முறை பெற்ற பயிற்சியை இரண்டாவது சான்றிதழில் தேடுவதில் பயனில்லை. அதனை முதல் சான்றிதழில் பார்க்க வேண்டும்.

உண்மையாகவே விடுபட்டிருந்தால், பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ், பயிற்சிக் கல்லூரியின் மதிப்பீட்டு அறிக்கை, அங்கு அனுப்பப்பட்டதற்கான ஆணை ஆகியவை ஆதாரமாக ஏற்கப்படும். பயிற்சியின் பெயர், எத்தனை வாரங்கள், முடித்த ஆண்டு ஆகிய மூன்றும் அவற்றில் தெளிவாக இருக்க வேண்டும்.

வேலைக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. டிடி-2586 என்ற ஆவணம் ஒருவரது இராணுவப் பயிற்சியையும் அனுபவத்தையும் விரிவாக எடுத்துரைக்கிறது. தரைப்படை, கடற்படை, மரீன் படை, கரையோரக் காவல்படை ஆகியவற்றில் பணியாற்றியவர்களுக்கு ஒருங்கிணைந்த கல்விப் பதிவுச் சான்று ஒன்றும் வழங்கப்படுகிறது. அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் மதிப்பீட்டைக் கொண்ட அந்தச் சான்றின் அடிப்படையில், இராணுவப் பயிற்சிக்குக் கல்லூரிகள் பாட மதிப்பு வழங்க முடியும். சான்றிதழ் திருத்தப்படும் வரை காத்திருக்க இயலாதவர்களுக்கு இவை கைகொடுக்கின்றன.

வழங்கப்படாத பதக்கங்கள்

இரண்டாவது வகைக் கோரிக்கை கடினமானது. வீரச்செயலுக்கான பதக்கம் ஒன்று கிடைக்க வேண்டுமானால், அச்செயலைப் பற்றி அறிந்த ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். அதிகாரம் படைத்தவர் ஏற்க வேண்டும். தரைப்படையில் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் பரிந்துரை அளிக்கப்பட வேண்டும். காலம் கடந்துவிட்டால், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலமாகப் பரிந்துரையைச் சமர்ப்பிக்கச் சட்டம் வழி செய்துள்ளது. அப்போதைய மேலதிகாரியின் கூற்று, கண்ணால் கண்டவர்களின் உறுதிமொழிப் பத்திரங்கள் ஆகியவை உடன் இருக்க வேண்டும். தமக்குத் தாமே பரிந்துரைத்துக் கொள்ள எவராலும் முடியாது.

பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்துக்குப் பரிந்துரை தேவையில்லை. நிபந்தனைகள் நிறைவேறினால் அது உரிமையாகவே கிடைக்கிறது. காயம் எதிரியின் நடவடிக்கையால் ஏற்பட்டதா, அதற்கு மருத்துவ அதிகாரியின் சிகிச்சை தேவைப்பட்டதா, அந்தச் சிகிச்சை பதிவாகியுள்ளதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் களத்துக்குச் சென்றவர்கள் பலருக்கு மூன்றாவது கேள்வியே தடையாகிறது.

பரிந்துரை தொலைந்தால் என்ன நேரும் என்பதற்குக் கர்னல் பாரிஸ் டேவிஸின் வரலாறு சான்று. சிறப்புப் படையின் முதல் கறுப்பின அதிகாரிகளில் ஒருவரான அவர், 1965 ஜூனில் வியட்நாமின் போங் சான் பகுதியில் தாம் காயமுற்ற நிலையிலும் சக வீரர்களைக் காப்பாற்றினார். நாட்டின் மிக உயரிய விருதான மெடல் ஆஃப் ஆனருக்கு அவரது பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அந்தத் தாள்கள் தொலைந்தன. மீண்டும் அனுப்பப்பட்டபோதும் தொலைந்தன. உடன் பணியாற்றியவர்களும் ஆதரவாளர்களும் பல்லாண்டுகள் விடாது முயன்றதன் பின்னர், 2023 மார்ச் 3ஆம் தேதி அதிபர் ஜோ பைடன் அவருக்கு அந்த விருதை அணிவித்தார். சம்பவம் நடந்து அப்போது ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இறுதி வாயில்: திருத்த வாரியம்

நிர்வாக வழிகள் அனைத்தும் பலனளிக்காத நிலையில், இராணுவப் பதிவுகள் திருத்த வாரியத்திடம் முறையிடலாம். ஒரு காலத்தில் இத்தகைய குறைகளுக்காக நாடாளுமன்றத்தில் தனிநபர் சட்டமுன்வரைவு கொண்டுவர வேண்டியிருந்தது. 1946ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சீரமைப்புச் சட்டம் அதனை நிறுத்தி, அப்பொறுப்பைப் படைத்துறைகளிடம் ஒப்படைத்தது. பொதுநிலை அதிகாரிகளைக் கொண்ட வாரியங்கள் அதன் விளைவாகவே தோன்றின.

இதற்கான விண்ணப்பம் டிடி-149 என்ற படிவம். பிழையைக் கண்டறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் நலன் கருதித் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. எனவே தாமதத்துக்கான காரணத்தை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுவது நல்லது. விடுவிப்பின் தகுதியை உயர்த்துமாறு கேட்பவர்கள் செல்லும் மறுபரிசீலனைக் குழு வேறு. அதற்கு 15 ஆண்டுக் காலவரம்பு உண்டு.

பதிவேடுகள் சரியானவை என்ற அனுமானத்துடனேயே வாரியம் விசாரணையைத் தொடங்குகிறது. அதற்கு மாறானதை நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரருடையது. பெரும்பாலான விண்ணப்பங்கள் நேரடி விசாரணை இன்றி, தாள்களை மட்டும் பார்த்தே முடிவு செய்யப்படுகின்றன. பத்தில் ஒன்பது விண்ணப்பங்களைப் பத்து மாதங்களுக்குள்ளும், எதையும் 18 மாதங்களுக்கு மிகாமலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. எளிய வழிகளை முயன்று பார்க்காமல் வாரியத்துக்கு வரும் விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. நிராகரிக்கப்பட்டாலும், புதிய ஆதாரம் கிடைக்கும்போது மறுபரிசீலனை கோரலாம்.

அமெரிக்கத் தமிழர்களும் இந்தச் சான்றிதழும்

அமெரிக்கப் படைகளில் தமிழர்களும் பணியாற்றி வருகின்றனர். குறிப்பிட்ட மொழிகளை அறிந்த வெளிநாட்டவரையும் மருத்துவப் பணியாளர்களையும் சேர்ப்பதற்காக 2008இன் இறுதியில் அங்கீகரிக்கப்பட்டு, 2009இல் ஆள்சேர்ப்பைத் தொடங்கி, 2016இல் புதிய சேர்க்கையை நிறுத்திய மாவ்னி என்ற திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருந்தது. படைப்பணியின் அடிப்படையில் குடியுரிமை கோரும் குடியேறிகளுக்கு, பணிக்காலத்தையும் நன்மதிப்பான விடுவிப்பையும் காட்டும் ஆதாரமாக டிடி-214 இரட்டை முக்கியத்துவம் பெறுகிறது.

தமிழர்களின் பெயர் முறை இங்கே கூடுதல் கவனத்தைக் கோருகிறது. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் வழக்கம் அமெரிக்கப் படிவங்களுக்குப் பொருந்துவதில்லை. கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு, முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எழுத்துகளே விசாவில் இடம்பெறுவதுண்டு. பதக்க ஆணையில் ஒரு விதமாகவும் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை விளக்க வேண்டிய நிலை ஏற்படும். பெயர் மாற்ற ஆணை, குடியுரிமைச் சான்று ஆகியவற்றின் நகல்களை விண்ணப்பத்துடன் இணைப்பது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்.

கட்டணம் செலுத்த வேண்டாம்

சான்றிதழைப் பெற்றுத் தருவதாகப் பணம் கேட்கும் நிறுவனங்கள் பல உள்ளன. அமெரிக்கன் லீஜியன், வெளிநாட்டுப் போர்களின் முன்னாள் படையினர் சங்கம், ஊனமுற்ற அமெரிக்க முன்னாள் படையினர் சங்கம் ஆகியவற்றின் பயிற்சி பெற்ற அலுவலர்கள் இந்த உதவியை இலவசமாகவே செய்கின்றனர். பல மாவட்ட நிர்வாகங்களிலும் இதற்கென அலுவலர்கள் உண்டு. விண்ணப்பம் நீண்ட காலம் பதிலின்றிக் கிடந்தால், நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் விசாரித்துக் கேட்க முடியும்.

சான்றிதழை மாவட்டப் பதிவாளரிடம் பதிந்து வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. தொலைந்தால் நகல் பெற இது உதவும். ஆனால், சில இடங்களில் அது எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவாகிவிடும் என்பதால், சமூகப் பாதுகாப்பு எண் வெளியாகும் ஆபத்து உள்ளதா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

இப்போது படையில் இருப்பவர்களுக்கு மிக எளிய தீர்வு, விலகும் முன்பே வரைவுச் சான்றிதழை வரிவரியாகப் படித்துப் பார்ப்பதுதான். வீடு திரும்பும் அவசரத்தில் கையொப்பமிட்டுவிட்டு, விடுபட்ட ஒரு வரிக்காகப் பின்னர் ஆண்டுக் கணக்கில் கடிதம் எழுதுபவர்கள் பலர். ஒவ்வொரு பதக்க ஆணையின், ஒவ்வொரு பயிற்சிச் சான்றின் நகலும் சொந்தக் கையில் இருப்பின், 1973இல் போன்றதொரு தீ மூண்டாலும் அவர்களது பணி வரலாறு அழியாது.

மூத்த தலைமுறையினரைப் பொறுத்தவரை காலமே பெரும் தடை. களத்தில் உடனிருந்தவர்களின் உறுதிமொழியே ஒரே சான்றாக உள்ள கோரிக்கைகளில், அந்தச் சாட்சிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. வியட்நாம் போர்க்காலத்தவர்களில் பலர் இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். தந்தையின் அல்லது தாயின் சான்றிதழில் ஏதேனும் விடுபட்டிருப்பதாக ஐயுறும் குடும்பங்கள், அவர்களும் அவர்களது தோழர்களும் நினைவுகூர்ந்து சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே கோப்பைக் கேட்டுப் பெறுவது நல்லது.